இருக்கையில் ஒருவர், பொறுப்பில் எல்லோரும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் அமெரிக்கப் புறநகர்களில் சனிக்கிழமை விடிவதே புல்வெட்டும் சத்தத்தோடுதான். வட கரோலைனா, ஜார்ஜியா, டெக்சஸ், ஒஹாயோ என்று தமிழர்கள் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. சின்ன முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் மோவர் போதும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்றால் உட்கார்ந்து ஓட்டும் மோவர் வேண்டியிருக்கிறது. அதிலும் இன்று பலர் தேடிப்போவது, நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் சீரோ டர்ன் மோவரைத்தான். மரத்தைச் சுற்றியும் பூப்பாத்தியை ஒட்டியும் சிரமமில்லாமல் வெட்டலாம். நேரமும் நன்றாக மிச்சமாகும்.

1960களில் கான்சஸ், மிசௌரி மாநிலங்களில் உருவாகி, நெடுங்காலம் தோட்டப் பராமரிப்புத் தொழிலாளர்களின் கையில் இருந்த வண்டி இது. இப்போது பெரிய கடைகளின் வாசலில் வரிசையாக நிற்கிறது. பணம் கட்டினால் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். லைசென்ஸ் வேண்டாம், பயிற்சி வேண்டாம். கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே கிடந்தாலும் கேட்பாரில்லை.

இந்த வசதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வண்டியின் வயிற்றுப் பகுதியில், டெக் எனப்படும் இரும்புக் கூட்டுக்குள் சுழலும் பிளேடு எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தொழில்துறைத் தரம் பிளேடு நுனிக்கு அனுமதிக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறத்தாழ 216 மைல். அந்த வேகத்தில் பாதமோ விரலோ அகப்பட்டால் திரும்பக் கிடைப்பது அரிது. ஒரு கூழாங்கல் அகப்பட்டால், வழியில் நிற்பது யார் என்று பார்க்காமல் அது பாயும்.

விபத்து நடந்ததும் நாம் வழக்கமாகக் கேட்பது, "ஓட்டினவர் கவனமாக இருந்திருக்கக் கூடாதா?" என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமானது, ஆனால் போதாது. எந்தச் சரிவில் ஓட்டுகிறார், எவ்வளவு ஈரத்தில் ஓட்டுகிறார், எத்தனை அவசரத்தில் ஓட்டுகிறார், சுற்றிலும் யார் நடமாடுகிறார்கள் என்பவற்றைப் பெரும்பாலும் முடிவுசெய்வது வேறு பலர். வண்டியை விற்றவர், வீட்டுக்காரர், பெற்றோர், ஒப்பந்ததாரர், குடியிருப்போர் சங்கம், நகராட்சி, அடுத்த வீட்டார் என்று ஆளுக்கொரு பங்கு இருக்கிறது. சாவியைத் திருப்புவதற்கு முன்பே பாதி ஆபத்து முடிவாகிவிடுகிறது. ஆகவே பொறுப்பையும் நாம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

சரிவில் நடப்பது என்ன

காரில் ஸ்டியரிங் முன்சக்கரங்களைத் திருப்பும். பிரேக் நான்கு சக்கரங்களையும் பிடிக்கும். சீரோ டர்ன் அப்படி அல்ல. அதன் முன்சக்கரங்கள் மளிகைக் கடைத் தள்ளுவண்டியின் சக்கரங்கள்போல இழுத்த பக்கம் திரும்புபவை. அவற்றால் வண்டியைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பின்சக்கரங்கள் இரண்டையும் தனித்தனி ஹைட்ராலிக் மோட்டார்கள் இயக்குகின்றன. வலக்கை நெம்புகோல் வலச் சக்கரத்துக்கு, இடக்கை நெம்புகோல் இடச் சக்கரத்துக்கு. இரண்டையும் சமமாக முன்னே தள்ளினால் நேராகப் போகும். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் அசைத்தால் நின்ற இடத்தில் சுழலும். நடுநிலைக்குக் கொண்டுவந்தால் நிற்கும். ஆக, திருப்புவது, ஓட்டுவது, நிறுத்துவது என எல்லாமே அந்த இரண்டு பின்சக்கரங்களின் பிடிமானத்தை நம்பித்தான்.

சமதளத்தில் அது போதும். ஈரச் சரிவில் பின்சக்கரம் வழுக்கியதும் திசையும் பிரேக்கும் சேர்ந்தே கைவிட்டுப் போகின்றன. முன்சக்கரங்கள் தாமாகவே பள்ளத்தை நோக்கித் திரும்பிக்கொள்ளும். நெம்புகோலை என்ன செய்தாலும் வண்டி புல்லின்மேல் சறுக்கிக்கொண்டே இறங்கும். பார்க்கிங் பிரேக்கை நம்பவும் வழியில்லை. நின்ற வண்டியைப் பிடித்து வைப்பதற்காக வைக்கப்பட்ட பிரேக் அது.

சரிவின் அடியில் என்ன இருக்கிறது என்பது அப்போது உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகளில் மழைநீர் தேக்கும் குளங்கள் வீடுகளின் பின்புறத்திலேயே இருக்கின்றன. கரையெல்லாம் புல், புல்லெல்லாம் சரிவு. வண்டி கவிழ்ந்து ஓட்டியவர் அதன் அடியில் மாட்டிக்கொண்டால் முழங்கால் ஆழத் தண்ணீரே மூச்சை நிறுத்திவிடும்.

பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக் கூடாது என்கின்றன; சில மாடல்களுக்கு வரம்பு 10 டிகிரிதான். 15 டிகிரி என்றால் 10 அடி தூரத்துக்கு ஏறத்தாழ 2.7 அடி உயரம். கண்ணுக்கு அது பெரிய மேடாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். அளப்பதற்கு நிபுணர் தேவையில்லை. நீளமான பலகை ஒன்றைச் சரிவில் கிடத்தி, அதன்மேல் கைபேசியை வைத்து, மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்தால் எத்தனை டிகிரி என்று அதுவே காட்டிவிடும். வரம்பைத் தாண்டும் இடத்தைக் குறித்துவைத்துவிட்டு, அங்கே கையால் தள்ளும் மோவரையோ நூல் சுழலும் டிரிம்மரையோ பயன்படுத்தலாம். குளக்கரை, தடுப்புச்சுவர், பள்ளம் ஆகியவற்றின் விளிம்பிலிருந்து வண்டியின் அகலத்தைப்போல இரு மடங்கு தூரம் விட்டே ஓட்ட வேண்டும். சக்கரம் வழுக்குவது தெரிந்தால் பிளேடை நிறுத்திவிட்டு மெதுவாக நேராகக் கீழே இறங்கிவிடுவதே கையேடுகள் சொல்லும் வழி.

தொழில்முறை வண்டிகளில் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு அலங்காரமல்ல. வண்டி புரண்டால் ஓட்டுபவர் நசுங்காமல் காப்பது அதுதான். வளைவு நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம் போட வேண்டும். மரக்கிளைக்காக அதை மடக்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது. கிளையைக் கடந்ததும் மறுபடி நிமிர்த்திவிட வேண்டும்.

மழையும் நோட்டீசும்

ஈரப் புல்லில் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்தும் ஏன் ஓட்டுகிறார்கள்? பல நகராட்சிகளில் புல் 10 அல்லது 12 அங்குலத்தைத் தாண்டினால் நோட்டீஸ் வரும், பிறகு அபராதம் வரும். குடியிருப்போர் சங்கங்களின் விதி இன்னும் கறாரானது. மே மாதத்தில் ஒரு வாரம் தொடர்ந்து மழை பெய்தால் புல் கிடுகிடுவென்று வளர்ந்துவிடும். ஞாயிறு மாலை மழை விட்டதும் வீட்டுக்காரர் வண்டியை எடுக்கிறார். ஒப்பந்ததாரருக்கோ ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற கணக்கு. மழையில் தள்ளிப்போனவை எல்லாம் மறுநாள் தலையில் விழுகின்றன.

இங்கே அவசரத்தை உண்டாக்கியது ஓட்டுபவர் அல்ல. நாம் எழுதிவைத்த விதி. அதைத் திருத்துவதும் நம்மால் முடியும். சங்க நிர்வாகக் குழுக்களில் இன்று தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். பலத்த மழை பெய்தால் நோட்டீஸ் அனுப்புவதைச் சில நாட்கள் ஒத்திவைப்பது என்று ஒரு தீர்மானம் போதும். 15 டிகிரிக்கு மேற்பட்ட பொதுச் சரிவுகளில் புல்லை எடுத்துவிட்டு, வெட்டவே தேவைப்படாத தரைபடரும் செடிகளையோ அந்த மண்ணுக்குரிய புதர்களையோ நடலாம். அதற்கு முதலில் செலவாகும். ஆனால் ஆண்டுதோறும் ஒரு மனிதரை அந்தச் சரிவில் ஏற்றி இறக்க வேண்டியிருக்காது.

சுவிட்சும் பிளேடும்

சட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. தள்ளும் மோவரின் கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்ற கட்டாய விதியை நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1982லேயே கொண்டுவந்தது. உட்கார்ந்து ஓட்டும் மோவர்கள் அந்த விதிக்குள் வரவில்லை. அவற்றுக்குத் தொழில்துறை தானே வகுத்துக்கொண்ட தரங்கள்தான் வழிகாட்டி. அந்தத் தரங்கள் நல்லவை. ஆனால் தொழிற்சாலையில் பொருத்திய பாதுகாப்பு, பத்து ஆண்டு கழித்து நம் ஷெட்டிலும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பிளேடு சுழலும்போது எழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது வண்டி நின்று நின்று போகிறது என்று சலித்து, சிலர் ஒரு துண்டு வயரை வைத்து அதை முடக்கிவிடுகிறார்கள். பழுதான சுவிட்ச் எரிச்சலூட்டும் என்பது உண்மைதான். ஆனால் அதை மாற்றிப்போடுவது சிறிய வேலை. முடக்கிய வண்டியோ, ஓட்டியவர் தூக்கி எறியப்பட்ட பிறகும் பிளேடைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்த வண்டியைப் பிறகு விலைக்கு வாங்குபவருக்கும் இரவல் வாங்கும் நண்பருக்கும் அந்த வயர் இருப்பது தெரியாது.

பருவத்தின் தொடக்கத்தில் சமதளத்தில் நிறுத்தி மூன்று சோதனைகள் செய்யலாம். பிளேடு சுவிட்ச் போட்ட நிலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பக் கூடாது. நெம்புகோல்கள் பூட்டு நிலையிலிருந்து உள்ளே வந்திருந்தாலும் கிளம்பக் கூடாது. எஞ்சினும் பிளேடும் ஓடும்போது, இறங்காமல் இருக்கையிலிருந்து சற்றே எழுந்தால் எஞ்சின் நின்றுவிட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் பழுது பார்க்கும்வரை வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

வண்டி நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுத்தால் உடனே நெம்புகோலைத் திருகத் தோன்றும். முதலில் பார்க்க வேண்டியது டயர் காற்று. பின்டயர் ஒன்றில் காற்று குறைந்தால் வண்டியும் இழுக்கும், டெக்கும் சாயும், புல்லும் மேடும் பள்ளமுமாக வெட்டப்படும். கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்றடித்துவிட்டு, கான்கிரீட் தரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, பிளேடு நுனிகளின் உயரத்தை இரு பக்கமும் அளந்து டெக்கைச் சமப்படுத்த வேண்டும். பொதுவாக முன்நுனி பின்நுனியைவிட எட்டில் ஒரு பங்கு முதல் கால் அங்குலம் வரை தாழ்ந்திருக்கும். இதெல்லாம் சரியான பிறகும் இழுத்தால்தான் நெம்புகோல் சரிசெய்யும் திருகைத் தொட வேண்டும்.

பிளேடு வேலைக்கு முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். தடித்த கையுறை வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி அப்படியே அடியில் கை நீட்டக் கூடாது. தாங்கு கால்கள் வைத்த பிறகே வேலை. பலருக்குத் தெரியாத ஒன்று: டெக்கில் இருக்கும் இரண்டு மூன்று பிளேடுகளும் ஒரே பெல்ட்டில் இணைந்தவை. ஒன்றைக் கையால் திருப்பினால் பக்கத்து பிளேடும் கூடவே திரும்பும். உதவிக்கு நிற்கும் பையனின் விரல் அங்கே இருந்தால் எஞ்சின் ஓடாமலே விரல் வெட்டுப்படும்.

சாணை பிடித்த பிளேடைச் சுவரில் அடித்த ஆணியில் அதன் நடுத்துளையால் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் என்று அர்த்தம். சமமாகும்வரை அதையே தேய்க்க வேண்டும். எடை சமமில்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்து தாங்கிகளைத் தின்றுவிடும். வளைந்ததை நிமிர்த்துவதும் விரிசலுக்கு வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. ஹைட்ராலிக் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதும் அப்படியே. ஊசித்துளை வழியே அழுத்தத்தோடு பாயும் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிடும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ஓர் அட்டையைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

பிள்ளைகள்

கோடை விடுமுறையில் ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருப்பார்கள். டிராக்டர் மட்கார்டில் பிள்ளைகளை உட்காரவைத்து வயலுக்குப் போன பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த அன்பில்தான் பேரனை மடியில் வைத்து மோவரில் ஒரு சுற்றுப் போகிறோம். அந்த ஒரு சுற்றின் விளைவு மறுவாரம் தெரியும். மோவர் சத்தம் கேட்டதும் சவாரி கிடைக்கும் என்று குழந்தை வீட்டிலிருந்து ஓடிவருகிறது. ஓட்டுபவர் காதடைப்பான் போட்டிருக்கிறார். வண்டி பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2001லிருந்து சொல்லிவருவது இது: தள்ளும் மோவருக்கு 12 வயது, உட்கார்ந்து ஓட்டும் மோவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். யாரையும் உடன் ஏற்றிச் செல்லக் கூடாது. 6 வயதுக்கு உட்பட்டவர்கள் புல் வெட்டும் நேரத்தில் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதில் குழந்தை மருத்துவர்கள் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம்: குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதை எஞ்சின் கிளம்பும் முன் பெயர் சொல்லி முடிவுசெய்ய வேண்டும். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்ட வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. ஓட்டுபவர் பின்னால் நகரும்முன் பிளேடை நிறுத்தி, திரும்பிப் பார்த்துவிட்டே நகர வேண்டும்.

மின்கல மோவர்கள் பெருகிவருவதால் இந்த எச்சரிக்கைக்கு அவசியம் கூடியிருக்கிறது. கலிஃபோர்னியா 2021இல் சட்டம் இயற்றி, 2024 மாடல் ஆண்டு முதல் பெரும்பாலான புதிய சிறு பெட்ரோல் எஞ்சின்களின் விற்பனைக்குக் கதவடைத்தது. புகையும் சத்தமும் குறைவது நல்லதே. ஆனால் பிளேடு அதே பிளேடுதான். சத்தம் குறைந்த வண்டி வருவது, முதுகு காட்டி விளையாடும் குழந்தைக்குக் கேட்காமல் போகலாம்.

கூலிக்கு ஓட்டுபவர்கள்

நம் தெருக்களில் பெரும்பகுதிப் புல்லை வெட்டுபவர்கள் கூலித் தொழிலாளர்கள். எச்-2பி எனப்படும் பருவகால விசாவில் வருவோரில் மிகப் பெரிய பிரிவு தோட்டப் பராமரிப்புப் பணியாளர்கள்தான். விசாவில் வந்து உழைப்பது என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மறுத்துப் பேசினால் வேலை போகும் என்ற அச்சத்தில், ஓட்டக் கூடாத சரிவிலும் ஒருவர் வண்டியை ஏற்றுவார்.

பயிற்சியைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 2010லேயே தெளிவாக்கியிருக்கிறது. 14, 15 வயதுப் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வைத்து இயந்திர மோவர் ஓட்டவைப்பதை மத்தியத் தொழிலாளர் விதிகள் தடை செய்கின்றன. எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபலை எட்டினால் செவிப் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை. விதிகள் இருக்கின்றன. ஆனால் குறைந்த விலை சொன்னவருக்கே ஒப்பந்தம் என்று நாம் முடிவுசெய்யும்போது, அந்த விதிகளுக்கான செலவைத்தான் முதலில் வெட்டச் சொல்கிறோம். பத்து டாலர் கூடக் கேட்கும் ஒப்பந்ததாரரிடம் ஏன் என்று விசாரித்தால், காப்பீடு, பயிற்சி, காதடைப்பான், மழைநாளில் வேலை நிறுத்தம் என்று பதில் வரக்கூடும். அந்தப் பத்து டாலருக்குக் கணக்கு பார்க்கக் கூடாது.

நாம் ஒத்துக்கொள்ள வேண்டியவை

"என் நிலம், என் வண்டி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற தன்னுரிமை உணர்வை மதிக்கிறோம். ஆனால் கல் பாய்வது வேலியோடு நிற்பதில்லை. பெட்ரோலில் பிடித்த தீயும் நிற்பதில்லை. ஆகையால் யாருக்கும் பாரமில்லாத சிலவற்றில் நாம் ஒருமனதாக வேண்டும்.

விற்பவர்கள், வண்டியை இறக்கும்போதே அரை மணி நேரம் நின்று நெம்புகோல், பிளேடு சுவிட்ச், சரிவு வரம்பு ஆகியவற்றைச் செய்து காட்ட வேண்டும். வாங்குபவர், நிலத்தில் இருக்கும் சரிவைச் சொல்லி அதற்கேற்ற வண்டியைக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர், வெட்டுவதற்கு முன் கல், கம்பி, பொம்மை, நாய் எலும்பு எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, புல் வெளியேறும் வாயின் தடுப்பைக் கழற்றாமல், அந்த வாய் ஆள் நடமாடும் பக்கம் திரும்பாமல் ஓட்ட வேண்டும். சரளைக் கல் பாதையைக் கடக்கும்போது பிளேடை நிறுத்திவிட வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும். கேனை டிரக்கில் வைத்தே நிரப்பாமல் தரையில் இறக்கி நிரப்ப வேண்டும். வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் கராஜில் எரிபொருளோடு வண்டியை நிறுத்தக் கூடாது.

பக்கத்து வீட்டில் வண்டி ஓடும் அரை மணி நேரம் நம் பிள்ளைகளை வேலி ஓரத்திலிருந்து உள்ளே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். பந்து எடுக்க அந்தப் பக்கம் ஓடவிடக் கூடாது. குடியிருப்போர் சங்கம் சரிவுகளை அளந்து வரைபடமாக்கி, வண்டி ஏறக் கூடாத இடங்களை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நகராட்சி மழைக்காலச் சலுகையை விதியாக்க வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, சுவிட்ச் சோதனையையும் பிளேடு மாற்றுவதையும் கண்முன்னே செய்து காட்டலாம். பொங்கல் விழாவுக்கு நூறு பேரைத் திரட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமல்ல.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரச் சங்கக் கூட்டத்தில் மழைக்காலச் சலுகைத் தீர்மானத்தை முன்மொழியுங்கள். ஒப்பந்ததாரரிடம் பயிற்சி பற்றிக் கேளுங்கள். வண்டி உங்களுடையதென்றால், அடுத்த முறை புல் வெட்டப் போகும் முன் அந்த மூன்று சோதனைகளைச் செய்து, முடக்கிய சுவிட்ச் இருந்தால் அன்றே மாற்றுங்கள். இருக்கையில் அமர்பவர் முழு உடலோடு இறங்கி வீட்டுக்குள் போக வேண்டும். அதற்குத் தெரு முழுவதும் பொறுப்பு.